கூண்டு மாறியது எனக்குத் தெரியும்

அந்தச் செடியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இதைப் படிக்கிற யாராவது ஒருவர் அதைத் தேடிப் பறித்துக் காய்ச்சிக் குடிப்பார். எங்கள் பக்கத்துச் செம்மண் காட்டில் ஒரு மழை பெய்தால் தானாக முளைக்கும், ஆடுகூட ஆசையாகத் தின்னாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதன் இலையில் சர்க்கரை நோயைக் குறைக்கும் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. செக்காலையில் வீடு, ஊருக்கு வெளியே கல்லூரி. தினமும் ஷேர் ஆட்டோவில் போய் எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைத்து, பிறகு அதைக் குணப்படுத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என்னை 'எலி டாக்டர்' என்பார்கள். கேலிதான், ஆனால் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எனக்கு அந்தப் பெருமை கொஞ்சத்துக்கும் மேலேயே இருந்தது.

நோயை வரவழைப்பது சுலபம். வெள்ளை எலிக்கு வயிற்றில் ஓர் ஊசி போட்டால் கணையம் கெட்டுப்போகும். மூன்றாம் நாளிலிருந்து அது தண்ணீர் பாட்டிலை விட்டு நகராது. குடித்ததையெல்லாம் பெய்து கூண்டில் விரித்த உமியை நனைத்துவிடும். வால் நுனியில் லேசாகக் கீறி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மனிதர்கள் வீட்டில் சர்க்கரை பார்க்கிற அதே சின்னக் கருவியில் வைத்தால் எண் எகிறியிருக்கும். அதற்குப் பிறகு தினமும் காலையில் எலியைப் பிடித்து, நுனி உருண்டையான வளைந்த ஊசியைத் தொண்டை வழியாக வயிறுவரை இறக்கி மருந்தைச் செலுத்த வேண்டும். நான்கு கூண்டுகள், கூண்டுக்கு ஆறு எலிகள். ஒன்றாவது கூண்டில் நோயே இல்லாதவை. இரண்டாவதில் நோய் உண்டு, மருந்து கிடையாது. மூன்றாவதுக்கு மனிதர்கள் போடுகிற சர்க்கரை மாத்திரை. நான்காவதுக்கு எங்கள் செடியின் சாறு. மாத்திரையோடு ஒப்பிட்டால் சாறு எந்த அளவுக்குத் தேறுகிறது என்பதுதான் கேள்வி.

எலிகள் இருந்த கட்டடத்தை அனிமல் ஹவுஸ் என்போம். அதைப் பார்த்துக்கொண்டவர் ஒக்கூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஓர் அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. ஊரில் கொஞ்சம் நிலம் உண்டு, அதை நம்பிப் பிழைக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தவர். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீவனம் வைப்பது, நான் மருந்து செலுத்தும்போது எலியைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர்தான். முதல் வாரம் ஓர் எலி என் விரலைக் கடித்து நான் குதித்தபோது, "கடிச்சிருச்சா தம்பி? அதுக்கும் ஒங்க மேல கோவம் இருக்காதா என்ன?" என்று சிரித்தார்.

அவருக்கும் சர்க்கரை உண்டு. மாதம் ஒரு முறை ஒக்கூரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொள்வார், அந்த ஒரு நாள் மட்டும் தாமதமாக வருவார். ஊசி போட்ட எலிகள் பாட்டிலை நக்கிக்கொண்டே கிடந்ததை முதலில் பார்த்தபோது, "நல்லா இருந்ததுகளுக்கு நோயக் குடுத்துட்டு அப்புறம் வைத்தியம் பாக்குறீக. நல்ல கூத்துதான்" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கும் மொதல்ல இப்பிடித்தான் தம்பி. தண்ணி தண்ணின்னு உசிரு போகும்" என்றார். அன்றிலிருந்து அந்த மூன்று கூண்டுகளுக்கும் அவர் தண்ணீர் குறையவிட்டதே இல்லை.

எலிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எது எந்தக் கூட்டம் என்று தெரிய இரண்டே வழிதான். கூண்டின் முகப்பில் எண் எழுதிய அட்டை ஒட்டியிருக்கும். எலியின் வாலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருக்கும். மூன்றாம் கூண்டு எலிக்கு மூன்று கோடு, நான்காம் கூண்டு எலிக்கு நான்கு. எலி தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. மூன்று நாளைக்கு ஒரு தடவை கோட்டைப் புதுப்பிக்காவிட்டால் அழிந்துவிடும். புதுப்பிப்பது என் வேலை. ஆய்வாளன் செய்ய வேண்டிய வேலைகளிலேயே சுலபமானது அதுதான். சின்னப் பிள்ளைகூடச் செய்யும்.

பரிசோதனையின் மூன்றாவது வாரத்தில் ஆயுத பூசை வந்தது. முதல் நாள் எந்த ஆய்வகத்திலும் ஆய்வு நடக்காது, கழுவல்தான் நடக்கும். மைக்ரோஸ்கோப்புக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, பொட்டின் கனத்தையும் சேர்த்துத் தராசு காட்டுகிறது என்று வருஷா வருஷம் யாராவது ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரிப்போம். அந்த வருஷம் நான் சிரிக்க அங்கே இல்லை. காலையில் மருந்தைக் கொடுத்துவிட்டு, "அனிமல் ஹவுஸ நீங்களே பாத்துக்கங்க அக்கா. எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு நண்பர்களோடு மதுரைக்குச் சினிமா பார்க்கப் போய்விட்டேன். வால் கோடு மங்கியிருந்தது தெரியும். வந்து போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். படமும் நன்றாக இல்லை.

மறுநாள் பூசை. போய்ப் பார்த்தால் அனிமல் ஹவுஸ் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் மாவிலை. ஒவ்வொரு கூண்டுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். அட்டைகளைக்கூட உரித்துத் துடைத்துத் திரும்ப ஒட்டியிருந்தார். ஆளுக்குக் கொஞ்சம் பொரி கடலை. அட்டையில் மூன்று என்று இருந்த கூண்டுக்கு மாத்திரையும், நான்கு என்று இருந்த கூண்டுக்குச் சாறும் அவசர அவசரமாகச் செலுத்தினேன். வாலைப் பார்க்கவில்லை.

விஜயதசமிக்கு அடுத்த நாள் எடை பார்க்கும் நாள். சர்க்கரை நோய் வந்த எலி இளைக்கும்; மாத்திரை கேட்டால் எடை மெல்ல ஏறும். அதுவரை மாத்திரைக் கூண்டு எலிகள்தான் கனமாக இருந்தன. அன்று முதல் எலியைத் தராசில் வைத்தபோது போன வாரத்தைவிட இருபது கிராமுக்கு மேல் குறைவு. இரண்டாவதும் அப்படித்தான். ஆறும் அப்படித்தான். நான்காம் கூண்டில் ஆறும் கனம். ஒரு வாரத்தில் எந்த எலியும் அப்படி இளைக்காது, அப்படிக் கொழுக்கவும் செய்யாது. வாலைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு வாலிலும் கோடு இல்லை.

நான் கேட்பதற்கு முன்பே அக்கா பக்கத்தில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கழுவையில மூணாங் கூண்டையும் நாலாங் கூண்டையும் ஒரே நேரத்துல எடுத்துட்டேன். எலிகள ரெண்டு டப்பாவுல போட்டு மூடி வச்சிருந்தேன். அட்ட வேற ஊறிப் போச்சு, காய வச்சு ஒட்டுனேன். திரும்பப் போடயில எந்த டப்பா எந்தக் கூண்டுன்னு ஒரு கொழப்பம். சரியாத்தான் போட்டேனான்னு ரெண்டு நாளா ரோசனையாவே இருக்கு. நீங்க வாலப் பாத்துக்கங்க."

வாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் கோடு போட்டிருப்பேன் என்று அவ்வளவு நம்பிக்கை. என் கையில் இருந்த எலியின் வால் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு அக்கா. விடுங்க" என்றேன்.

"அப்பாடா" என்று அவர் உமி அள்ளப் போய்விட்டார்.

செய்ய வேண்டியது என்ன என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என் ஆய்வை வழிநடத்திய நெறியாளரின் அறை நாற்பது அடி தூரம். போய், 'சார், கூண்டு மாறிப்போச்சு, தப்பு என்னுடையது' என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கத்தியிருப்பார். எலிகளைப் பயன்படுத்த அனுமதி தரும் நெறிக்குழுவுக்கு மறுபடி எழுதி, புது எலிகள் வாங்கி, முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதம் போயிருக்கும், எனக்கு உதவித்தொகை முடிய ஐந்து மாதம்தான் இருந்தது. இன்னும் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது: இன்னும் இருபத்து நான்கு உயிரைக் கொல்ல வேண்டுமா என்றுகூட அன்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அத்தனை வருஷமும் எலியைக் கொன்றபோது வராத ஜீவகாருண்யம், என் சோம்பேறித்தனத்தைக் காப்பாற்ற மட்டும் ஓடி வந்தது. மார்க்கரை எடுத்தேன். அட்டை சொன்னபடியே எல்லா வாலிலும் புதிதாகக் கோடு போட்டேன். எடை நோட்டில் சந்தேகம் வராத எண்களாக எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு மார்க்கர் பேனா இருந்தால் முடிகிறது.

அதற்குப் பிறகு நடந்ததைப் படிக்காதவர்கூட ஊகிக்கலாம். அதுவரை மாத்திரை சாப்பிட்டுத் தேறிய எலிகள் இப்போது சாறு குடிக்கும் கூண்டில், பழைய மாத்திரையின் பலத்தில் இருந்தன. இளைத்தவை மாத்திரைக் கூண்டுக்குப் போய்த் தேற ஆரம்பித்தன. கடைசி நாளில் ரத்தம் பார்த்தபோது இரண்டு கூண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண். அக்கா ஒவ்வோர் எலியாகப் பிடித்துக் கொடுக்க, நான் கருவியைப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். அவருக்கு அந்த எண்கள் புரியும். தன் சர்க்கரையை அதே எண்களில்தானே அவருக்குச் சொல்வார்கள்.

"எறங்கிருச்சே தம்பி!" என்றார். "மாத்தரைக்குச் சமமா எறங்கிருச்சே!"

"ஆமாக்கா. ரெண்டும் ஒண்ணுதான்."

"மனுசருக்கும் கேக்குமா?"

இந்த இடத்தில் உண்மையான விஞ்ஞானி யாராக இருந்தாலும் தெரியாது என்று சொல்லியிருப்பார். பொய்யே கலக்காத பரிசோதனையாக இருந்தாலும் அதுதான் பதில். எலிக்குக் கேட்ட மருந்துகளில் மனிதனிடம் வந்து தோற்றவை ஏராளம் என்று நானே என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். ஆனால் எதிரே ஓர் ஆள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை யாரும் அதுவரை அப்படிப் பார்த்தது கிடையாது.

"எலிக்குக் கேட்டா மனுசருக்கும் கேக்கும்தானே அக்கா? இல்லாட்டி எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்றேன்.

மறுநாள் இருபத்து நான்கு எலிகளையும் கொன்று கணையத்தையும் ஈரலையும் எடுத்தோம். அக்கா எப்போதும் போல அந்த நேரத்தில் வெளியே போய் நின்றுகொண்டார். ஓர் உயிரைக் கொல்வதற்கு எங்களுக்கு இருந்த ஒரே நியாயம், அது உண்மையைச் சொல்லிவிட்டுச் சாகிறது என்பதுதான். அவை உண்மையைத்தான் சொல்லின, தராசில் ஏறி நின்று சொல்லின. அதை அழித்தது நான்.

சாறு மாத்திரைக்குச் சமம் என்ற ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. நெறியாளர் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். நன்றி சொல்லும் பகுதியில் அனிமல் ஹவுஸ் பராமரிப்பாளருக்கும் நன்றி என்று ஒரு வரி சேர்த்து, அதை அக்காவிடம் கைப்பேசியில் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்குப் பட்டம் கிடைக்கப்போகிறது என்று பிள்ளையார்பட்டிக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

நாலைந்து மாதம் கழித்து, மாத்திரை வாங்கப் போகிற நாளிலும் அவர் சரியான நேரத்துக்கு வந்திருப்பதைக் கவனித்தேன்.

"இன்னைக்கு மாத்திரை வாங்கப் போகலையா அக்கா?"

"அத நிப்பாட்டி ரெண்டு மாசமாச்சே. நம்ம மருந்துதான் குடிக்கேன். காட்டுல கெடக்கு, காலையில பறிச்சுக் காச்சுனா முடிஞ்சுது. அந்த மாத்தரையப் போட்டா வயித்தப் பெரட்டும் தம்பி. இது ஒண்ணும் பண்ணல."

"மாத்திரைய நிப்பாட்டக் கூடாது அக்கா. இதக் குடிச்சாலும் அதையும் சேத்துப் போடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்கதான சொன்னீக? நான் கண்ணால பாத்தேனே, எலிய நாந்தான புடிச்சிருந்தேன்!"

அவ்வளவுதான், ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அந்த எலி மாத்திரை சாப்பிட்ட எலி அக்கா.' அதைச் சொன்னால் அவர் அன்று மாலையே மாத்திரைக்குப் போயிருப்பார். ஆனால் அவர் வெள்ளந்தி. அதை நெறியாளரிடம் போய், 'அப்ப நான் அன்னைக்குச் சொன்னது சரிதான் சார்' என்று சொல்லிவிடுவார். என் வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. "எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிக்கங்க" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தேன். யோசனை சொல்லிவிட்டேன், கேட்காதது அவர் பாடு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மூன்று வாரம் என்பது மூன்று மாதம் ஆனது. எனக்குப் பட்டம் வந்தது, வேறொரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலையும் வந்தது. இப்போது நானே மாணவர்களுக்கு எலியைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன்.

பழைய கல்லூரிக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போனபோது அனிமல் ஹவுஸில் வேறொரு பெண் இருந்தார். அக்கா எங்கே என்று கேட்டேன். கூண்டின் கம்பி காலில் கிழித்ததாம். சின்னக் காயம், மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாராம். ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை தலைக்கு மேல் போயிருந்ததாம். முதலில் இரண்டு விரல், பிறகு பாதத்தில் பாதி.

அன்று நேராக ஒக்கூருக்குப் போகவில்லை. அதற்கும் எனக்குப் பத்து நாள் பிடித்தது. போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாக்கியங்களை மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டு போனேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். "வாங்க தம்பி, வாங்க! இங்குட்டு நெழல்ல ஒக்காருங்க. டாக்டராயிட்டீகளாமே!" மகளைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார். மகள் அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

காப்பி வந்தது. குடிக்கவில்லை. "அக்கா, அந்த ஆயுத பூசைக்கு அப்புறம் நீங்க ஒண்ணு சொன்னீகளே, கூண்டு மாறிருக்குமோன்னு" என்று ஆரம்பித்தேன். "மாறித்தான் போயிருந்துச்சு அக்கா. அந்தச் செடிக்கு அம்புட்டு வலு கெடையாது. நீங்க பாத்த எலி, மாத்திர சாப்புட்ட எலி."

அவர் தன் காலைப் பார்த்தார்.

அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது. 'அது எனக்கு அன்றைக்கே தெரியும்' என்பதுதான் அது. வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "ஒனக்கு எதுலதாம்மா நெதானம் இருக்கு? கூண்ட மாத்தி வச்சு, அவுக படிப்புலயும் வெளையாடி, ஒன் காலையும் தொலச்சுட்டு ஒக்காந்திருக்கே!"

அக்கா என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நாந்தான் மாத்திப் போட்டுட்டேனா தம்பி? அன்னைக்கே எனக்கு மனசு சொல்லுச்சு. ஒங்க படிப்புக்கு ஒண்ணும் கெடுதல் வரலையே?"

"வரலக்கா" என்றேன்.

தயாராக வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. மகள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள், அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் காப்பியை எடுத்துக் குடித்தேன். உண்மையைச் சொல்லப் போனவன், என் தப்பையும் அவர் மடியிலேயே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

புறப்படும்போது வாசல்வரை வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகக் கூப்பிட்டார்.

"தம்பி, கைப்பேசில காட்டுனீகளே, அந்தப் பேப்பரு. அதுல தப்புன்னு திருத்திப் போட்ருங்க. எம் பேரச் சொல்லிக்கூடப் போடுங்க, பரவால்ல. யாராச்சும் படிச்சுட்டுக் குடிச்சுறப் போறாக."

"சரிக்கா" என்றேன்.

இது ஆனி மாதம். எட்டு மாதம் ஆகிவிட்டது. கட்டுரை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.